பழம் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

எங்கள் வீட்டில் பழம் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. அறுபத்து மூன்று வயது வரை இதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கழுத்தில் குழாய் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்தும் போட்ட பிறகுதான் உறைத்தது. சர்க்கரை வியாதியும் விரதமும் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கிற குடும்பங்கள் இந்தத் திருவனந்தபுரத்தில் நிறைய உண்டு. அவர்களில் நாலு பேராவது படித்துவைக்கட்டும் என்று எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில் வரும்.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கரமனையில் வீடு. வீட்டில் நானும் என் மனைவி வசந்தாவும்தான். ஒரே பெண் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். சர்க்கரை எனக்குப் பதினான்கு வருஷப் பழக்கம். அதைவிடப் பழைய பழக்கம் பாயசம். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வரும்வரை இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். வசந்தா எதிர் வரிசையிலிருந்து முறைப்பாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

போன வருஷம் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு. ரத்தத்தில் அது ஏறினால், தள்ளுகிறவனுக்குக் கை சோர்ந்துவிட்டது என்று பொருள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆகாரத்தைப் பற்றியும் ஏதோ நீளமாகச் சொன்னார். எங்கள் இருவர் காதிலும் விழுந்தது ஒன்றே ஒன்று: இனிப்பு கூடாது.

அன்றோடு வீட்டில் வெல்லம் வாங்குவது நின்றது. பத்து நாள் நான் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். காப்பி சரியில்லை, மின்விசிறி சரியில்லை, பேப்பர் போடுகிறவன் சரியில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் வசந்தா ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். ஒரு துளி சர்க்கரை இல்லை, ஒரு சொட்டு நெய் இல்லை, எல்லாம் பழம், பத்தே நிமிஷத்தில் செய்தது என்றாள். அந்தந்தப் பருவத்தில் எது மலிவோ அது. சக்கைக் காலத்தில் சக்கை, அதாவது பலாப்பழம், மாங்காலத்தில் மாம்பழம், நேந்திரம்பழம் எப்போதும். நான் அதற்கு ‘டூப்ளிகேட் பாயசம்’ என்று பெயர் வைத்தேன். கேலி செய்துகொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. பிறகு தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் வந்தது.

ஏகாதசி, சஷ்டி, சனிக்கிழமை என்று எங்களுக்கு மாதத்தில் ஏழெட்டு நாள் விரதம். அந்த நாட்களில் அரிசி தொடமாட்டோம். மூன்று வேளையும் அந்தக் கிண்ணம்தான். பழம் விரதத்தைக் கெடுக்காது. அது சாப்பாடு இல்லையே.

இந்த மேட மாசத்து, அதாவது சித்திரை மாசத்து, ஏகாதசிக்கு மறுநாள். காலையில் பாரணை செய்து விரதத்தை முடித்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஏறும்போதே கால் கொஞ்சம் கனத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கரமனையில் இறங்க எழுந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. வலி கிடையாது, மரத்துப்போகவும் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கண்டக்டரும் இன்னொருவரும் என் கக்கத்தில் கைகொடுத்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றினார்கள். வீட்டு வாசலில் ஹாரன் கேட்டு வந்த வசந்தா, கட்டியிருந்த புடவையோடு ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் இளைய டாக்டர் ஒருவர் நடையை ஓட்டமாக மாற்றினார். அதுதான் எனக்கு முதல் பயம். சற்று நேரத்தில் ரத்தமும் பதில் சொல்லிவிட்டது: பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம்.

பொட்டாசியம் என்பது உப்பு மாதிரி ஒரு சத்து. நாம் உண்பவற்றிலிருந்து ரத்தத்துக்கு வருவது. தசைகள் இயங்கவும் இதயம் துடிக்கவும் அது கொஞ்சம் வேண்டும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் சோர்ந்தவனுக்கு அது உள்ளேயே தங்கும். தங்கினால் முதலில் கை கால் தளரும், பிறகு இதயம் தாளம் தப்பும், அதற்குப் பிறகு நின்றும் போகலாம். டாக்டர் இதை மலையாளத்தில் நிதானமாகத்தான் சொன்னார். நின்று போகலாம் என்ற இடத்தில் வசந்தா என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கை நரம்பில் கால்சியம் ஊசி போட்டார்கள். இதயத்துக்கு அது ஒரு கவசமாம். பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து ஏற்றினார்கள். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து பிடித்து உடம்பின் அணுக்களுக்குள் தள்ளிவிடும். குடிக்க ஒரு மாவு கரைத்துத் தந்தார்கள். ஆற்று மணலைக் கலக்கிய மாதிரி இருந்தது. போன வருஷம் மாற்றிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியதுதானாம், அதை நிறுத்தினார்கள். நடுவில் டாக்டர் வசந்தாவிடம், நேற்றும் இன்றும் இவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். நேற்று ஏகாதசி, ஒன்றும் சாப்பிடவில்லை, இன்று காலை இரண்டு பிடி சாதம் என்றாள். இளநீர், ஜூஸ்? இல்லவே இல்லை என்றாள். படுத்தபடியே நானும் தலையாட்டினேன். இருவருமே பொய் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஐந்து புள்ளி ஆறுக்கு இறங்கியது. கால்கள் திரும்ப என்னுடையவை ஆயின. ஐ.சி.யு.விலிருந்து அறைக்கு மாற்றினார்கள்.

அங்கேதான் நான் என் குணத்தைக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. தொட்டுக்கொள்ள வந்த வெள்ளரிக்காயிலும் உப்பு இல்லை. மதியம் கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். வசந்தா கெஞ்சினாள், நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். நம் வீட்டு டூப்ளிகேட் பாயசமாவது கொண்டுவரக் கூடாதா என்று சுவரிடம் கேட்டேன். அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். உப்பு கூடாது, இதில் உப்பு இல்லை. சர்க்கரை கூடாது, சர்க்கரையும் இல்லை. இளநீர், ஜூஸ் கூடாது, இது இரண்டும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகளிடம் என்னை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், செய்து எடுத்துக்கொண்டு நாலு மணிக்குள் வந்துவிட்டாள். மேல்மூச்சு வாங்கியது. நான் தின்றேன். மறுநாள் காலையிலும் தின்றேன். இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடந்த அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் விரிந்தது.

மூன்றாம் நாள் காலை எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு.

டாக்டர் இம்முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்தால் நல்லது இல்லை. மருந்து கொடுத்தும் ஏறுகிறது என்றால் சிறுநீரகம் நாங்கள் நினைத்ததைவிட மோசமாக இருக்கலாம், நாளைக் காலைக்குள் இறங்காவிட்டால் டயாலிசிஸ் செய்துவிடலாம் என்றார். கழுத்து நரம்பில் ஒரு குழாய் இறக்கி, ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவது. ஒரு தடவையோடு நிற்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷமாக எத்தனையோ கடிதங்களில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட கை. அன்று என் பெயரே எனக்குக் கோணலாக வந்தது.

வசந்தா பைக்குள்ளிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் இட்டாள். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதில் இப்போது வெட்கம் இல்லை. சாவைவிட, வாரம் மூன்று நாள் இவள் என்னை ஆட்டோவில் ஏற்றி இறக்கப்போகிறாள் என்ற நினைப்புதான் பயமுறுத்தியது.

அன்று பிற்பகல்தான் உணவு ஆலோசகர் வந்தாள். இரண்டு நாள் விடுப்பில் இருந்தாளாம். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும், ஷீபா என்று பெயர். கையில் ஒரு நோட்டு. வசந்தாவின் நெற்றியையும் புடவையையும் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் ஆரம்பித்தாள். அவர் என்ன சாப்பிட்டார் என்று எல்லாரையும் போல அவள் கேட்கவில்லை.

“அம்மா, சாப்பாடு பறய வேண்டாம். ராவிலே முதல் வாய்க்குள்ள போனதெல்லாம் பறயணும். வெள்ளம் குடிச்சதுகூட.”

காலையிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம், குடித்த தண்ணீர் உட்பட, வசந்தா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு தம்ளர் தண்ணீர், மாத்திரை, அரைத் தம்ளர் காப்பி, கஞ்சி நாலு ஸ்பூன், அந்த மாவு மருந்து. அவ்வளவுதான் என்றாள். ஷீபா எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஜன்னலோரம் இருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தாள். அதில் என்ன என்று கேட்டாள்.

“அது ஒண்ணும் இல்லை குட்டி, பழம்தான்” என்று வசந்தா மூடியைத் திறந்து காட்டினாள். பெண் ஆர்வமாகப் பார்ப்பதைக் கண்டதும் செய்முறையையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நன்றாகப் பழுத்த நேந்திரம்பழம் ஒன்றை ஆவியில் வைத்து மசிக்க வேண்டும். வரிக்கைச் சக்கைச் சுளை ஐந்தாறு பொடியாக நறுக்கிப் போட வேண்டும். மாம்பழம் ஒன்று. வெல்லத்துக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் நாலு. தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி, ஏலக்காய் தட்டிப் போட்டு இறக்கினால் ஆச்சு, பத்தே நிமிஷம். வெல்லம் இல்லை, நெய் இல்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஒரு வருஷமாக இதைக் கொடுத்துத்தான் இவரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன் என்று முடித்தாள்.

ஷீபாவின் பேனா பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் நல்ல பெண். குரல் உயர்த்தவில்லை. மற்றவர்களுக்கு இது நல்ல ஆகாரம்தான் அம்மா என்று முதலில் சொன்னாள். பிறகு டப்பாவுக்குள் விரலால் காட்டி, நேந்திரம்பழம், சக்கை, மாம்பழம், பேரீச்சம்பழம், தேங்காய்ப்பால், இதில் இருப்பது அத்தனையும் பொட்டாசியம் நிறைந்தது என்றாள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாதவை என்று அவள் வைத்திருந்த அச்சுத் தாளின் முதல் ஐந்து வரியில் ஏறக்குறைய இவைதான் இருந்தன. ஏகாதசியன்று எத்தனை கிண்ணம் என்று கேட்டாள். மூன்று என்று வசந்தா சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது நான் சொன்னேன். நர்ஸ் இருந்தாள், ஷீபா இருந்தாள், பக்கத்துக் கட்டில்காரரும் அவர் மகளும் இருந்தார்கள்.

“கேட்டுண்டியா? நீ உன் கையால குடுத்துக் குடுத்துத்தான் நான் இங்க வந்து கிடக்கறேன்.”

கேட்டு வாங்கித் தின்றவன் நான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவனும் நான். அது தெரிந்தேதான் சொன்னேன். மூன்று நாள் பயம் யார் தலையிலாவது இறங்க வேண்டியிருந்தது, பக்கத்தில் இருந்த தலை அவளுடையது. வசந்தா டப்பாவை மூடினாள். குளியலறைக்கு எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவினாள். ஒரு டப்பா கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குழாய் திறந்தே இருந்தது.

மறுநாள் காலை ஐந்து புள்ளி மூன்று. அதற்கடுத்த நாள் நாலு புள்ளி எட்டு. டாக்டர் இம்முறை நின்றபடியே பேசினார், சிரிக்கவும் செய்தார். குழாய் வேண்டாம். உங்கள் சிறுநீரகத்தைத் தப்பாக நினைத்துவிட்டேன், பாவம், அதன் மேல் சுமையை ஏற்றியது யாரென்று தெரியாமல் போயிற்று என்றார். நானும் சிரித்தேன். வசந்தா பைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வாயில் போவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கும்படி ஷீபா சொல்லியனுப்பினாள்.

உடம்பு தேறிய கதை இத்துடன் முடிந்தது. வீடு தேறவில்லை.

வசந்தா அந்த அச்சுத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாள். அப்படிச் செய்தால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். எல்லாம் சொன்னபடி நடந்தது. ஆனால் கண்ணளவில் உப்புப் போட்டு முப்பத்தைந்து வருஷம் சமைத்தவள், ஒவ்வொரு முறையும் தட்டை வைத்துவிட்டு, “இது ஆகுமோ?” என்று கேட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அவள் நம்பாதது என்னையல்ல, தன் கையை. நான் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் நம்பியிருப்பது இந்த வைத்தியத்தைத்தான்.

வந்த பிறகு இரண்டாவது ஏகாதசி. எனக்கு இப்போது விரதம் கிடையாது, வேளைக்குக் கஞ்சி. அவள் மட்டும் இருந்தாள். அடுத்த வீட்டு ராஜம்மா தன் மரத்தில் பழுத்த சாம்பங்காய்களை, அந்தப் பக்கத்தில் ஜம்புப் பழம் என்பார்களே அதை, ஒரு முறம் நிறையக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்க்கிறேன், முறம் அப்படியே இருக்கிறது. மேஜையில் இரண்டு நாளாக இருந்த அன்னாசியும் தொடாமல் இருக்கிறது. வசந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஜலம் என்றாள். போன ஏகாதசிக்கு? அன்றைக்கும் ஜலம்தான்.

ஏன், பழத்துக்கு என்ன என்று கேட்டேன்.

“அது சாப்பாடுதானேன்னா. அந்தக் குட்டி சொன்னப்பறம் எப்படி ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுக்கறது?” என்றாள். பிறகு, “நீங்க சொன்னது நிஜம்தான். என் கைதான் உங்களைப் படுக்கப் போட்டது. அதைத் தின்னவே பிடிக்கலை” என்றாள்.

எழுந்து போய், தாளின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஷீபா எடுத்தாள். சாம்பங்காயும் அன்னாசியும் பொட்டாசியம் குறைந்தவைதான் என்றாள். என் அளவு அரைக் கிண்ணம், தேங்காய்ப்பாலும் பேரீச்சையும் கூடவே கூடாது, வேறு இனிப்பும் சேர்க்கக் கூடாது, அம்மாவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றாள்.

சமையலறையில் நான் தண்ணீர்கூடச் சுடவைத்தவன் இல்லை. சாம்பங்காய்களைக் கழுவி, பாதியாக அரிந்து, உள்ளே இருந்த பஞ்சையும் விதையையும் நீக்கினேன். அன்னாசியோடு மல்லுக்கட்டினேன், அது என் கட்டைவிரலில் ஒரு கீறல் போட்ட பிறகு தோலை விட்டது. பொடியாக நறுக்கிக் கலந்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஃப்ரிட்ஜில் கொஞ்சம் வைத்தேன். அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும் வேலை எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கிண்ணத்தைக் கொண்டுபோய் அவள் மடியருகே வைத்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

“ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்பு, வசந்தா. கொண்டுவான்னு கேட்டது நான். தின்னது நான். பயத்துல உன் மேல போட்டேன். நாலு பேர் முன்னாடி போட்டேன். தப்பு என்னுதுன்னு நாலு பேர் படிக்க எழுதியும் வைக்கறேன்.”

அவள் கிண்ணத்தையும் என் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

“அன்னாசிக்குக் கண்ணெடுக்கலை நீங்க. நாக்கு அரிக்கறது” என்றாள்.

விரதம் என்று இழுத்தேன். போறது போங்கோ என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். பாதி சாப்பிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. நான் என் அரைக் கிண்ணத்தை முடித்தேன்.

முடித்ததும் எழுதினேளா என்று கேட்டாள். நோட்டை எடுத்து, சாம்பங்காய், அன்னாசி, அரைக் கிண்ணம் என்று எழுதினேன். அவள் கை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் நிதானமாக எழுதினாள்: ‘ஏகாதசி. நானும் சாப்பிட்டேன். ஒரு கிண்ணம்.’